தாழ்தளப் பேருந்தும் நமது நிறுத்தங்களும்

வடசென்னைக்கு எந்த வசதியும் கடைசியாகத்தான் வந்து சேரும் என்பது நாம் பேசிப் பழகிய பேச்சு. 2025-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் அந்தப் பேச்சு சற்றே பொய்த்தது. அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் சாலைக்கு வந்தன. நம் பகுதி மக்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்ததில் வியப்பில்லை.

இந்தப் பேருந்துகள் தாமாக வந்துவிடவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக உழைப்போர் சென்னை உயர்நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் வழக்காடியதை நாம் மறந்துவிடலாகாது. பொதுப் போக்குவரத்து அவர்களுக்கும் எளிதாக அமைய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கூறுகிறது. பயன் அவர்களோடு நின்றுவிடுவதுமில்லை. முழங்கால் வலியுள்ள முதியவர், இடுப்பில் குழந்தையோடு வரும் தாய், காசிமேட்டிலிருந்து மீன்கூடை சுமந்து வரும் அம்மா ஆகிய எல்லாருக்கும் உயரமான படி ஒரு மலைதான். 2021 மே மாதம் சாதாரணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. கட்டணம் என்ற தடை நீங்கியதே தவிர, படி என்ற தடை அப்படியே இருந்தது.

இப்போது பேருந்தின் தளம் தாழ்ந்துவிட்டது. ஆனால் அதில் ஏறும் பயணி எங்கே நிற்கிறார் என்று நாம் எண்ணிப் பார்த்தோமா? இதுவே என் கேள்வி.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உயர்தளப் பேருந்தின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர், ஏறக்குறைய மூன்றடி. தாழ்தளப் பேருந்துக்கு 400 மில்லிமீட்டர். நடைபாதையின் விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்பது இந்தியச் சாலைப் பேரவையின் விதி. ஆகவே ஒழுங்கான நடைபாதையை ஒட்டிப் பேருந்து நின்றால், பயணி ஏற வேண்டிய உயரம் 250 மில்லிமீட்டர்தான். வண்டியை ஒரு பக்கம் தாழ்த்தும் வசதியைப் பயன்படுத்தினால் அது இன்னும் குறையும். அப்போது சக்கர நாற்காலிக்காகப் போடும் சாய்வுப் பலகை உண்மையிலேயே சாய்வாக இருக்கும். அதே பேருந்து நடுச்சாலையில் நின்றாலோ அந்தப் பலகை செங்குத்தாகிவிடுகிறது. பின்னாலிருந்து இருவர் தள்ளினாலன்றி நாற்காலி மேலே ஏறாது. கோடிக்கணக்கில் செலவிட்டு வாங்கிய வசதியின் பெரும்பகுதி, அந்த ஆறங்குலக் கல் இல்லாமையால் வீணாகிறது.

நம் நிறுத்தங்களில் அந்தக் கல்லைத் தேட வேண்டியிருக்கிறது. நடைபாதை இருக்கும் இடத்தில் அதன்மேல் மின்சாரப் பெட்டி நிற்கிறது. அதையடுத்து இருசக்கர வண்டிகள். நிறுத்தத்தின் முன்னே ஷேர் ஆட்டோக்கள் வரிசை கட்டியிருக்கும். அவற்றுக்கு அப்பால்தான் பேருந்து நிற்க முடியும். 1895 முதல் 1953 வரை சென்னையில் டிராம் ஓடிய காலத்தில் பயணிகள் நடுத்தெருவில் ஏறி இறங்கினர் என்றால், தண்டவாளம் அங்கே இருந்தது. பேருந்துக்குத் தண்டவாளம் ஏது?

என் வகுப்புத் தோழர் ஒருவர் ஊன்றுகோலின் துணையால் நடப்பவர். பேருந்து தூரத்தில் வரும்போதே நாங்கள் ஓடிப்போய்ச் சாலையின் நடுவில் இடம் பிடிக்கிறோம். அவரால் இயலாது. அவர் இரண்டு ஆட்டோக்களின் இடையே புகுந்து வருவதற்குள் பேருந்து நகர்ந்துவிடும். ஓட்டுநரை நான் குறை கூற மாட்டேன். பின்னால் நிற்கும் வண்டிகளின் ஒலிப்பான் ஓசையில் எவரும் பொறுத்து நிற்க முடியாது. விளைவு என்னவென்றால், கட்டணமின்றிப் பயணம் செய்யும் உரிமை பெற்ற அந்தத் தோழர் வாரத்தில் மூன்று நாள் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வருகிறார். காசில்லாத நாளில் வருவதில்லை. தேர்வெழுதத் தேவையான வருகை நாட்கள் குறைந்துகொண்டே போகின்றன.

பேருந்து போக்குவரத்துக் கழகத்தினுடையது. நடைபாதை மாநகராட்சியினுடையது. பெட்டி மின்வாரியத்தினுடையது. ஆட்டோவை அகற்றுவது காவல்துறையின் வேலை. இத்தனை கைகளையும் ஒன்றுசேர்க்கத்தான் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன் முதற்கூட்டம் 2022-இல்தான் நடந்தது. 2025 செப்டம்பரில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு பெறும் 'சென்னை ஒன்' செயலி வந்தது. பாராட்டத்தக்க பணி. சீட்டை ஒன்றாக்க முடிந்தவர்களுக்கு விளிம்புக்கல்லும் பேருந்துப் படியும் சந்திக்கும்படி செய்வது கடினமாயிராது என்பது என் துணிபு.

நம் தெருக்கள் குறுகியவை, இங்கே அதெல்லாம் நடவாது என்பர் சிலர். தியாகராய நகர் பாண்டி பஜாரில் நெரிசல் குறைவா? அங்கே 2019-இல் அகன்ற நடைபாதை அமைத்துக் காட்டினார்களே! தெரு முழுவதையும் அப்படி மாற்றச் சொல்லவில்லை. ஒரு பேருந்தின் நீளம் 12 மீட்டர். நிறுத்தந்தோறும் அந்த 12 மீட்டருக்குச் சரியான உயரத்தில் நடைபாதை, அதில் ஏறுவதற்கு ஒரு சரிவு, முன்னால் பிற வண்டிகள் நிற்கலாகாது என்ற கோடு, அந்தக் கோட்டை மதிக்கச் செய்ய ஒரு காவலர். இவ்வளவே. இளநீர்க் கடைக்காரரைத் துரத்துவதும் என் நோக்கமன்று. அவர் பத்தடி தள்ளிப் போட்டால் இளநீர் புளித்துவிடாது. எந்த நேரத்துக்கு வருவது தாழ்தளப் பேருந்து என்பதை நிறுத்தத்திலேயே எழுதி வைப்பதும் நன்று. செல்பேசி எல்லாரிடமும் இருந்தாலும், கையிருப்பில் டேட்டா இருப்பதில்லை.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் முகாமுக்குச் சிற்றூர் செல்கின்றனர். இவ்வாண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் நம் பகுதிக்கு ஒதுக்கலாமே. கல்லூரியைச் சுற்றியுள்ள நிறுத்தங்களில் விளிம்பின் உயரம், நடைபாதையின் அகலம், அதில் குறுக்கிடும் பொருள்கள் ஆகியவற்றை அளந்து, நிறுத்தவாரியாக எழுதி, மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் போக்குவரத்துக் குழுமத்துக்கும் ஒவ்வொரு படி அனுப்பலாம். ஆசிரியர்கள் ஒருவர் கையொப்பமிட்டால் மனுவுக்கு மதிப்பு கூடும். அளவு நாடாவைப் புவியியல் துறையில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். என் தோழரும் உடன் வர இசைந்திருக்கிறார். எந்த உயரம் ஏறத்தக்கது என்பதை எங்களைவிட அவரே நன்கு அறிவார்.