உறையாமை ஒன்றே சான்றாகுமா?

முக்கோணத்தின் முனைகளில் மூன்று காந்த அணுக்கள். அடுத்தடுத்தவை எதிரெதிராகத் திரும்ப வேண்டும். இரண்டு திரும்பிவிடும், மூன்றாவது எப்பக்கம் திரும்பும்? இந்த இக்கட்டினால், தனிச்சுழி வெப்பநிலையிலும் காந்தத் திசைகள் ஒழுங்குபடாமல் நீர்மம்போல் இருக்கலாமென 1973-இல் ஆண்டர்சன் கருதினார்.

2015-இல் இட்டெர்பியம் மக்னீசியம் காலியம் ஆக்சைடுப் படிகம் பற்றிய செய்தி வந்தது. 'அந்த நீர்மம் இதுவே' என்றனர் பலர். எனக்கு உடன்பாடில்லை. அதில் மக்னீசியமும் காலியமும் ஒரேவகை இடங்களில் தாறுமாறாகக் கலந்து அமர்ந்துள்ளன. அந்தக் குழப்பமே நீர்மமாக வேடம் போடலாமே! 2018-இல் அளந்தவர்கள், சுமார் 0.1 கெல்வினில் அக்காந்தங்கள் கண்ணாடிபோல் தாறுமாறாகவே உறைவதன் அறிகுறியைக் கண்டனர். 2019-இல் ஆராயப்பட்ட சோடியம் இட்டெர்பியம் ஆக்சைடில் அவ்வகைக் கலப்பு இல்லை. வாதாட விரும்புவோர் அதைக் கொண்டு வரட்டும், கேட்கிறேன்.