குதிரைத்திறனும் கைத்திறனும்

பந்தயத் தடத்தில் ஒருமுறை காரை ஓட்டிப் பார்க்கும் ஆசை ஓர் இளைஞருக்கு வந்துவிட்டால், அவர் முதலில் போகும் இடம் பந்தயத் தடம் அல்ல. உதிரி பாகக் கடை. ஏர் ஃபில்டர், ஊரை எழுப்பும் சைலன்சர், காரைத் தரையோடு தாழ்த்தும் ஸ்பிரிங், அகலமான டயர், கடைசியில் என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரைத் திருத்தி எழுதும் 'ரீமேப்' என்று பட்டியல் நீளும். பட்டியல் முடிவதற்குள் கையிருப்பு முடிந்துவிடும். ஒருவழியாக அவர் தடத்துக்கு வரும் நாளில் அங்கே வேகமான கார் இருக்கும். அதை வேகமாக ஓட்டத் தெரிந்தவர்தான் இருக்க மாட்டார்.

ஒரு காலத்தில் இது பந்தயக்காரர்களின் கவலை மட்டுமே. இன்று அப்படியில்லை. 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடம் (3.717 கி.மீ.), கோவைக்கு அருகே கரி மோட்டார் ஸ்பீட்வே (2.1 கி.மீ.), 2011 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்த கிரேட்டர் நொய்டாவின் புத்தா தடம் (5.125 கி.மீ.) ஆகியவற்றில் பந்தயம் இல்லாத நாட்களில் சாதாரண கார்களும் ஓடியிருக்கின்றன. அப்படி வருகிற கார்களில் பல, மறுநாள் காலை ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டியவை. ஆகவே, காரை மாற்றிவிட்டு ஓட்டக் கற்பதா, கற்ற பிறகு மாற்றுவதா என்ற கேள்வி பொழுதுபோக்குக் கேள்வி மட்டுமல்ல. குடும்பத்தின் பணமும் ஓட்டுபவரின் எலும்பும் அதில் அடங்கியிருக்கின்றன.

என் பதில் நேரானது. முதலில் கம்பெனி கொடுத்த காரை அப்படியே ஓட்டிக் கற்றுக்கொள்ளுங்கள். காரணம் கணக்கில் இருக்கிறது.

வளைவில் ஒரு கார் எவ்வளவு வேகமாகப் போக முடியும் என்பதை முடிவு செய்பவை இரண்டு: டயரின் பிடிப்பும் வளைவின் ஆரமும். வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்தில் வெளியேறினால் வளைவு விரிகிறது. இப்படிச் செல்லும் பாதையின் ஆரம் 50 சதவீதம் பெரிதானால், அதே டயரில், அதே என்ஜினில் சுமார் 22 சதவீதம் கூடுதல் வேகத்தில் வளைவைக் கடக்கலாம். பாதையை மாற்றாமல் இதே லாபத்தைப் பெற வேண்டுமானால் டயரின் பிடிப்பை 50 சதவீதம் கூட்ட வேண்டும். அப்படிப்பட்ட டயர் சாலைக் கார்களுக்குக் கடையில் கிடைக்காது. பாதையைச் சரியாகத் தேர்ந்தெடுக்கும் கண்ணுக்கோ விலை இல்லை. பயிற்சிதான் வேண்டும்.

கம்பெனி கார் நல்ல ஆசிரியராக இருப்பதற்கு இன்னொரு காரணம், அது முன்னெச்சரிக்கை தருகிறது. சாதாரண சாலை டயர் பிடிப்பை இழக்கும் முன் கிறீச்சிடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். அதுவும் குறைந்த வேகத்திலேயே. பந்தய ரக டயர் பிடிப்பைக் கடைசிவரை விடாது. விடும்போது பலவற்றில் சட்டென்று விட்டுவிடும், அதுவும் அதிக வேகத்தில். வளைவுக்குள் சற்று முன்னதாகத் திரும்பிவிடுவது, பாதி வளைவில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று இழுப்பது போன்ற தவறுகளை அது மறைத்துவிடுகிறது. மறைந்த தவறு திருந்துவதில்லை. பழக்கமாகிறது.

நம் நாட்டுச் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. வளைவில் அளவு மீறினால் முதலில் முன்சக்கரங்கள் நழுவும்படி அவற்றை அமைக்கிறார்கள். பயந்துபோன மனிதன் இயல்பாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பான்; எடுத்ததும் எடை முன்பக்கம் சாயும், முன்சக்கரம் மறுபடி பிடிக்கும். அவனுடைய பயமே அவனைக் காப்பாற்றுகிறது. 'பின்பக்கம் துள்ளலாக இருக்கட்டும்' என்று பின் சஸ்பென்ஷனை இறுக்கிவிட்டால் கதை தலைகீழ். அதே வளைவில், அதே பயத்தில் காலை எடுத்ததும் காரின் பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னே வந்துவிடும். தேர்ந்தவருக்கு இது கருவி. புதியவருக்குக் கண்ணி.

எதிர்த்தரப்பின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஃபியட்டையும் ஹெரால்டையும் கழற்றி மாட்டித் தேற்றாமல் வேகம் காண முடியாது. அங்கே மெக்கானிக்கின் கைவண்ணமும் விளையாட்டின் ஒரு பகுதி. அந்த மரபு கேவலமானதல்ல. தவிர, இன்றைய கார் கடைத்தெருவுக்காகச் செய்யப்பட்டது, பந்தயத் தடத்துக்காக அல்ல என்பதும் சரியே. ஆனால் அந்த வாதம் உண்மையில் சுட்டிக்காட்டுவது என்ஜினை அல்ல, பிரேக்கை.

கணக்கைப் பாருங்கள். 1,000 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக் விழுங்கும் சக்தி சுமார் 139 கிலோஜூல். தடத்தில் 150லிருந்து 60க்கு வேகத்தைக் குறைத்தால் சுமார் 729 கிலோஜூல். ஐந்து மடங்குக்கும் மேல். இது ஒரே ஒரு வளைவுக்கு. ஒவ்வொரு சுற்றிலும் இது பல வளைவுகளில் நடக்கிறது. இந்தச் சூட்டில் ஒரு பகுதி பிரேக் பேடு வழியாக பிரேக் ஆயிலுக்குப் போகிறது. 'டாட் 3' ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் இந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. 'டாட் 4' ரகத்துக்கு 230, 155. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி சேரும். பெடல் பஞ்சுபோல் தரைவரை இறங்கும். கார் நிற்காது.

இந்த நிலையில் ரீமேப் செய்து அதே நேர்பாதையின் முடிவில் 150க்குப் பதில் 160 எட்டினால் என்ன ஆகும்? வேகம் கூடியது 7 சதவீதத்துக்கும் குறைவு. பிரேக்கின் சுமையோ சுமார் 16 சதவீதம் கூடிவிடும். ஆகவே புதியவர் காரில் கை வைக்கலாம், ஆனால் ஓட வைக்கும் பகுதியில் அல்ல, நிற்க வைக்கும் பகுதியில். கார் ஏற்கக்கூடிய ரகத்தில் புதிய பிரேக் ஆயில், தடிமன் குறையாத நல்ல பேடு, வெடிப்பில்லாத டயர், தரமான ஹெல்மெட். இவை அலங்காரம் அல்ல; நுழைவுச்சீட்டு.

சமமான, எளிய கார்களில் கற்பது இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், மாருதி 800 என்ஜினைப் பொருத்தி 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். 796 சிசி என்ஜின்தான். எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி கார் என்பதால் வெற்றியைக் காசு கொடுத்து வாங்க வழி குறைவு. ஓட்டித்தான் பெற வேண்டும். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் களமிறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அந்தக் காரைத்தான். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். கோவைத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. தடத்துக்குச் சாலை வழியாகத்தானே போக வேண்டும்? பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். தனிநபர் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியின் வழக்கமான வாசகம் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் ஒதுக்கிவைக்கிறது. தடத்தில் சுவரில் மோதினால் செலவு உங்களுடையது என்ற நினைப்போடுதான் ஸ்டியரிங்கில் கை வைக்க வேண்டும். அந்த நினைப்பு வந்தாலே பாதி பேர் நிதானமாகிவிடுவார்கள்.

அப்படியானால் எப்போது மாற்றலாம்? ஒரு சோதனை இருக்கிறது. பத்துச் சுற்று ஓட்டி ஒவ்வொன்றின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றுக்குச் சுற்று நான்கைந்து வினாடி வித்தியாசம் வந்தால் குறை காரில் இல்லை. புதிய பாகம் ஒரு வினாடி மிச்சம் பிடித்தாலும் அதை உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. உங்கள் தடுமாற்றத்தில் அது கரைந்துபோகும். பத்துச் சுற்றும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிந்து, 'இந்த வளைவில், இந்த இடத்தில் கார் இப்படிச் செய்கிறது' என்று பயிற்சியாளரிடம் உங்களால் சொல்ல முடிந்தால், அப்போது கடைக்குப் போகலாம். அந்தக் குறைக்கான ஒரே ஒரு பாகத்தை மட்டும் வாங்குங்கள். மாட்டி, மறுபடி பத்துச் சுற்று ஓட்டி, நேரத்தைப் பாருங்கள். பிறகு அடுத்தது.

அதுவரை பணத்தைத் தடக் கட்டணத்துக்கும் பெட்ரோலுக்கும் பயிற்சியாளருக்கும் செலவிடுங்கள். நான்கைந்து சுற்று வேகமாக ஓட்டியதும் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள். சூட்டோடு சூடாக அது ஒட்டிக்கொள்ளலாம். கியரில் விட்டால் போதும். டயர் சூடானதும் காற்றழுத்தம் ஏறும், அதையும் பாருங்கள்.

ரீமேப்பும் ஸ்பிரிங்கும் காரோடு விலைபோய்விடும், பெரும்பாலும் வாங்கிய விலையில் பாதிகூடத் தேறாது. கண்ணும் காலும் கற்றுக்கொண்டவை அடுத்த காருக்கும் வரும். மழை பெய்யும் ஒரு ராத்திரியில், நெடுஞ்சாலையில் குறுக்கே மாடு வந்து நிற்கும்போதும் அவைதான் உதவிக்கு வரும்.