முதலாண்டு வகுப்பில் நிற்பது யார்?

டெல்டாவில் அரசு மருத்துவக் கல்லூரி என்றால் அரை நூற்றாண்டுக்குத் தஞ்சாவூர் ஒன்றுதான். 2010-இல் திருவாரூர் வந்தது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினோரு கல்லூரிகளில் நாகப்பட்டினமும் ஒன்று.

இந்த இடங்களில் யாரைச் சேர்ப்பது என்று இருபது ஆண்டுகளாக வாதிட்டு வருகிறோம். நுழைவுத் தேர்வு ஒழிந்தது, நீட் வந்தது, 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. இவற்றுள் மிக நல்ல காரியம் இந்த ஒதுக்கீடே என்பது நம் உறுதியான கருத்து. ஆனால் தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளை முதல் மாதமே ஆங்கிலத்தில் அனாடமி படிக்க வேண்டும். டிசெக்‌ஷன் மேசைக்குப் பக்கத்தில் நின்று நரம்பைத் தொட்டுக் காட்டித் தமிழில் விளக்கி, அதையே ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல வைக்கும் ஆசிரியர் இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது வெறும் அட்மிஷன்தான்.

தனியாகப் பிராக்டிஸ் செய்ய வழியில்லாத துறைகள் என்பதால் அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரிக்கு முதுநிலை மாணவர்கள் வருவது குறைவு; அதனால் ஆசிரியர்களும் குறைவு. ஆய்வு வரும்போது வேறு கல்லூரியிலிருந்து ஆள் அனுப்பிக் கணக்குக் காட்டும் பழக்கத்தை நாம் எல்லோரும் அறிவோம். ஆதார் வருகைப்பதிவு வந்த பிறகு அது எடுபடாது. 2025-இல் தமிழகத்தின் பெரும்பாலான அரசுக் கல்லூரிகளிடம் தேசிய மருத்துவ ஆணையம் விளக்கம் கேட்டதற்கு ஆசிரியர் பற்றாக்குறையும் ஒரு காரணம்.

அதே ஆண்டு ஆணையம் தகுதி விதிகளைத் தளர்த்தியது. 220 படுக்கைக்கு மேற்பட்ட அரசு மருத்துவமனையில் இரண்டு ஆண்டு பணியாற்றிய முதுநிலை மருத்துவர் உதவிப் பேராசிரியராகலாம். பத்து ஆண்டு பணியாற்றியவர் இணைப் பேராசிரியராகலாம். இதைத் தரக்குறைவு என்று சிலர் எதிர்க்கிறார்கள். நாம் வரவேற்கிறோம். அதிகாலையில் வயிற்றுவலி என்று வரும் விவசாயக் கூலியின் இமை சரிவதைக் கண்டே கட்டுவிரியன் கடியோ என்று சந்தேகிப்பவர், கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் ரத்தத்தை வைத்துப் பார்த்தே கண்ணாடிவிரியன் நஞ்சின் வேலையைக் கண்டறிபவர், கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்களின் வார்டுகளில் இருக்கிறார். 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கிய மாநிலத்தில் அவர் வகுப்புக்கு வெளியே நிற்கக் கூடாது.

ஆனாலும் அவரால் நிரம்புவது கிளினிக்கல் துறைகள் மட்டுமே. முதலாண்டின் பள்ளம் அப்படியே இருக்கும். அதை நிரப்ப அத்துறை ஆசிரியர்களுக்குத் தனிப் படித்தொகை வேண்டும், மருத்துவ எம்.எஸ்சி., பிஎச்.டி. முடித்தவர்களை நிரந்தரப் பணியில் எடுக்க வேண்டும். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே இடமாறுதல் கலந்தாய்வை முடிக்க வேண்டும். புதிதாக வருபவருக்கு வார்டு டியூட்டியைக் குறைத்துக் கற்பிக்க நேரம் தர வேண்டும்.

மருத்துவமனையில் இருக்கும் நண்பர்களே, தகுதியிருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். துறைத் தலைவர்களே, வருபவரை முதல் மூன்று மாதம் உங்கள் வகுப்பில் உடன் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.