அரை மணி நேரத்தில் கண் விழிக்கும் குழந்தை... பால் போதவில்லை என்று அர்த்தமா?

"இப்பதானே தூங்க வெச்சே, அதுக்குள்ள எழுந்துடுச்சா? உனக்குப் பால் பத்தலை போலிருக்கும்மா..."

கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பாட்டி அக்கறையில்தான் சொல்வார். ஆனால், ராத்திரியெல்லாம் கண் விழித்துக் களைத்திருக்கும் அம்மாவுக்கு அது குற்றச்சாட்டாகவே கேட்கும். சில வீடுகளில் அன்று மாலையே பால் பவுடர் டப்பாவும் வந்துவிடும்.

பகலில் 30, 40 நிமிடங்களில் குழந்தை விழித்துக்கொள்வது மட்டுமே பால் போதவில்லை என்பதற்கு அடையாளம் ஆகாது. சின்னக் குழந்தையின் தூக்கமே அப்படித்தான்.

கோழித் தூக்கம் ஏன்?

பெரியவர்களின் தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு ஒரு சுற்று 50 நிமிடங்கள் அளவுதான். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அசெரின்ஸ்கியும் க்ளெய்ட்மேனும், தூங்கும் குழந்தைகளின் கண் அசைவையும் உடல் அசைவையும் கவனித்து, 1955-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

சுற்று முடியும்போது தூக்கம் லேசாகும். பெரியவர்கள் புரண்டு படுத்து மறுபடியும் தூங்கிவிடுவார்கள். குழந்தைக்கு அது இன்னும் பழகவில்லை. அதனால் விழித்துக்கொள்கிறது.

பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, லேசான தூக்கம். அப்போது இமைக்குள் கண் உருளும், உதடு சிரிக்கும், கை கால் உதறும், சின்னதாக முனகும். விழித்துவிட்டது என்று நினைத்து உடனே தூக்கினால், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை எழுப்பியதாகிவிடும். ஓரிரு நிமிடங்கள் பொறுத்துப் பாருங்கள். அழுதால் தூக்குங்கள்.

ராத்திரி தூங்குகிறதே, பகலில் ஏன் இல்லை?

பகல், இரவு என்று பிரித்தறியும் உடல் கடிகாரம் குழந்தைக்குப் பிறந்த உடனே வேலை செய்வதில்லை. இரண்டு, மூன்று மாதங்களில்தான் ஒழுங்குக்கு வரத் தொடங்கும். அப்போதும் முதலில் நீள்வது இரவுத் தூக்கம். பகல் தூக்கம் பல குழந்தைகளுக்கு ஐந்து, ஆறு மாதங்களுக்குப் பிறகே சீராகிறது. எனவே, ஒரு தூக்கத்தின் நீளத்தைப் பார்க்காமல் 24 மணி நேரக் கணக்கைப் பாருங்கள். முதல் மூன்று மாதங்களில் 14 முதல் 17 மணி நேரம், 4 மாதத்திலிருந்து ஒரு வயது வரை 12 முதல் 16 மணி நேரம் என்பது பொதுவான அளவு. குழந்தைக்குக் குழந்தை இது மாறும்.

பால் போதுமா என்பதை எப்படி அறிவது?

முதல் வாரம் கடந்த குழந்தை ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா? எடை சீராக ஏறுகிறதா? பால் குடிக்கும்போது விழுங்கும் சத்தம் கேட்கிறதா? இவையெல்லாம் சரியாக இருந்தால் கவலை வேண்டாம். சந்தேகம் இருந்தால் டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ காட்டி எடை பார்த்துக்கொள்ளலாம்.

இவற்றைச் செய்யாதீர்கள்

நன்றாகத் தூங்கட்டும் என்று சர்க்கரைத் தண்ணீர், தேன் கொடுக்க வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். தூக்கம் வரவழைக்கச் சளி சிரப் கொடுப்பது ஆபத்து. எந்த நேரத்திலும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

பால் குடிக்க மறுப்பது, காய்ச்சல், சிறுநீர் குறைவது, எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடப்பது... இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

மற்றபடி, குழந்தை தூங்கும் அந்த 40 நிமிடங்களில் அம்மாவும் கொஞ்சம் படுக்கட்டும். பாத்திரத்தை வேறு யாராவது தேய்க்கலாம். குழந்தை விழித்ததும் பாட்டியோ அப்பாவோ தூக்கி வைத்துக்கொண்டால், அம்மாவுக்கு இன்னும் அரை மணி நேரம் கிடைக்கும்.