தடிமனுக்குப் பால் தேத்தண்ணி போதும், காய்ச்சலுக்குப் போதாது



மாரி வந்துவிட்டது. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகுகிறது. வீடுகளிலும் பழைய வழக்குத் தொடங்கியிருக்கும்: தடிமனுக்கு மல்லி அவித்துக் குடிப்பதா, பால் தேத்தண்ணியா? "பால் சளியைக் கட்டும்" என்று எங்கள் உம்மாமாரும் சொல்வார்கள், பக்கத்து வீட்டு அம்மம்மாவும் சொல்வா. இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் பெரியவர்களோடு ஒத்துப்போக மாட்டோம். அவுஸ்திரேலியாவில் 60 பேருக்குத் தடிமன் வைரசைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1990இல் வெளிவந்தது. பால் கூடக் குடித்தவர்களுக்குச் சளி கூடவில்லை.

ஆகவே தாராளமாகப் போடுங்கள், ஆனால் முறையாக. நாலு பேருக்கென்றால் மூன்று கப் தண்ணீரில் பெருவிரல் அளவு இஞ்சியைத் தட்டிப் போட்டு, நாலு ஏலக்காய், இரண்டு கராம்பு, ஒரு துண்டு கறுவா, ஐந்தாறு மிளகு சேர்த்து மூடிப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பிறகுதான் தேயிலை. பால் கடைசியில். பச்சை இஞ்சியில் பாலைத் திரைய வைக்கும் நொதியம் இருக்கிறது, நன்றாகக் கொதித்தால்தான் அது செயலிழக்கும். அவசரக்காரர் வீட்டுத் தேத்தண்ணி திரைவது இதனால்தான்! சீனி வருத்தக்காரர் சீனியை விடுங்கள்.

இது மருந்தா என்றால், இல்லை. தடிமன் ஒரு கிழமை, பத்து நாளில் தன்பாட்டில் மாறும். 2008இல் கார்டிஃப் பல்கலைக்கழகம் 30 பேரிடம் சூடான பழப்பானத்தைப் பரிசோதித்தது. மூக்கடைப்பு அளவிலே மாறவில்லை. ஆனால் தொண்டை நோ, குளிர், களைப்பு எல்லாம் உடனே குறைந்ததாகக் குடித்தவர்கள் சொன்னார்கள். ஆறவைத்த அதே பானம் அந்த ஆறுதலைத் தரவில்லை. எங்களுக்கு அது போதும். போனமுறை மிஞ்சிய அன்டிபயோட்டிக் குளிசையைத் தேடி எடுத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். அந்தக் குளிசை வைரசை ஒன்றும் செய்யாது.

காய்ச்சல் வந்தால் கதை வேறு. 2024 டிசம்பரில் எங்கள் குடாநாட்டில் காய்ச்சலோடு சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். முதலில் என்ன காய்ச்சலென்றே பிடிபடவில்லை, பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. அதற்கு அன்டிபயோட்டிக் வேண்டும், காலத்தோடு வேண்டும், டொக்டர் கையால் வேண்டும். அதே மாரியில்தான் டெங்கும் வருகிறது. இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் அடுப்படியில் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதியுங்கள். பரசிட்டமோல் தவிர வேறு நோ மாத்திரை கொடுக்க வேண்டாம். தேத்தண்ணி குடித்து வியர்த்ததும் சூடு இறங்கிவிட்டதே என்று ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். டெங்கில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்கும். வெள்ளத்துக்குள்ளோ வயலுக்குள்ளோ இறங்கியிருந்தால், டொக்டர் கேட்கும்வரை காத்திராமல் முதலே சொல்லிவிடுங்கள்.