பந்துக்குத் தீட்டில்லை, குவளைக்குத்தான் தீட்டு

விளையாட்டு அறிவியல் கருத்தரங்குகளில் 'புத்தாக்கம்' என்றாலே ஆய்வகம், சென்சார், வெள்ளைக் கோட்டு என்றுதான் படம் காட்டுகிறார்கள். முனைவர் பட்ட ஆய்வாளனாக நானும் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறேன். கூக்ளியைக் கொண்டுவந்தவர் போசன்கே என்று பாடம் சொல்கிறது. மேசைமேல் டென்னிஸ் பந்தைத் திருப்பி விளையாடியபோது அவருக்குத் தோன்றியதாம். பொழுதுபோக்க நேரமிருந்தவர், பெயர் நின்றுவிட்டது.

பல்வங்கர் பாலூவுக்கு? சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளையர் கிளப்பில் ஆடுகளம் பராமரித்த கூலியாள். வலையில் துரைமார்களுக்கு மணிக்கணக்கில் பந்து வீசினார். மட்டையைக் கொடுக்கத்தான் ஆளில்லை. வேகத்தையும் திருப்பத்தையும் மாற்றி மாற்றி வீசும் அவரது இடக்கைச் சுழல் அங்கேதான் உருவானது. வீசிப் பார்ப்பது, அடிபடுவது, திருத்துவது. இது ஆய்வு இல்லையென்றால் வேறு எது ஆய்வு?

1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட். அதற்கு முன்பே, புனேயில் இந்து அணிக்கு ஆடியபோது, அவர் தொட்ட பந்தைக் கூசாமல் தொட்ட பார்ப்பனர்கள், தேநீரை மட்டும் வெளியே நிறுத்தி மண்குவளையில் கொடுத்தார்கள்.

இன்றும் வலையில் பந்து வீசுகிறவரின் தோளில் சென்சார் ஒட்டித் தரவு எடுக்கிறோம். கட்டுரையில் அவர் 'மாதிரி எண்'. ஆசிரியர் பெயர்ப் பட்டியலில் அப்படி ஒருவரையாவது காட்டுங்கள், பிறகு தகுதி, திறமை பற்றிப் பேசலாம்.