ரேகை சாஸ்திரமும் ஜெராக்ஸ் பக்தியும்

கையை நீட்டச் சொல்லி, ரேகை பார்த்து, இன்ன வருஷம் தனம் வரும், இன்ன வருஷம் கண்டம் வரும் என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போகும் பேர்வழிகளை நாம் வேண்டிய மட்டும் கண்டித்திருக்கின்றோம். அதைக் கேட்டுச் சிரித்த தோழர்களிலேயே அநேகர் இன்று இன்னொரு ரேகை சாஸ்திரத்தின் முன்னால் வாய் பொத்தி நிற்கின்றார்கள். இந்த சாஸ்திரம் விபூதி பூசிக்கொண்டு தெருவில் வருவதில்லை. சின்னப் பெட்டியாகப் பாங்கியிலும், ரேஷன் கடையிலும், சிம் கார்டு விற்கும் கடையிலும் உட்கார்ந்திருக்கின்றது. விரலை வை என்றால் வைக்கின்றோம். ஆதார் ஜெராக்ஸ் கொடு என்றால் கொடுக்கின்றோம். எதற்கு என்று ஒருவன் கேட்டுவிட்டால், அவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்களே அவனை முறைக்கின்றார்கள். கடைசியில் ஒரு நாள், நம் பேரில் வேறொருவன் பணம் எடுத்துவிட்டான், நம் பேரில் வேறொருவன் கடன் வாங்கிவிட்டான் என்று தெரிந்ததும், "எல்லாம் என் தலைவிதி" என்று தலையில் அடித்துக்கொள்கின்றோம்.

தலைவிதியாவது, மண்ணாவது! விதி எழுதினதாகச் சொல்லப்படும் அந்தப் பிரம்மாவைத் தவிர, இன்னும் எத்தனை பேர் நம் எண்ணை எழுதி வைத்திருக்கின்றார்கள் என்று யோசித்துப் பார்க்க வேண்டாமா? நாம் சொல்லுவது இதுதான். ஒரு எண்ணையும் ஒரு ரேகையையும் ஆளுக்குப் பதிலாக நம்புவது சுத்த மூடநம்பிக்கை. அந்த மூடநம்பிக்கையை வைத்து வியாபாரமும் நிர்வாகமும் நடத்துகிறவர்கள் பாங்கிக்காரர்களும், கம்பெனிக்காரர்களும், சர்க்கார் இலாகாக்களுமேயொழிய ஏமாந்துபோன ஏழையல்ல. அப்படியிருக்க, நஷ்டம் மாத்திரம் ஏழை தலையில் விழுவது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

விஷயத்தை விளங்கச் சொல்லுவோம். முதியோர் பென்ஷன் வாங்கும் ஒரு கிழவி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாங்கி வெகு தூரம். ஆகையால் பாங்கியின் சார்பில் கையடக்க மெஷினோடு ஒரு ஏஜெண்டு ஊருக்கே வருகின்றார். கிழவி தன் ஆதார் எண்ணையும் பாங்கியின் பேரையும் சொல்லி விரலை வைத்தால் பணம் கிடைக்கின்றது. ஏ.டி.எம். கார்டு வேண்டாம், ரகசிய நம்பர் வேண்டாம், போனுக்கு ஓ.டி.பி. வரவேண்டியதுமில்லை. நடக்கமாட்டாத கிழவிக்குத் திண்ணையிலே பணம் கிடைப்பதை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இந்த மூன்றில் எது ரகசியம்? பாங்கியின் பேர் ஊருக்கெல்லாம் தெரியும். ஆதார் எண்ணோ, ஜெராக்ஸ் கடைக் குப்பைத் தொட்டி முதல் லாட்ஜுக்காரர் மேஜை வரையில் இறைந்து கிடக்கின்றது. பாக்கி இருப்பது ரேகை ஒன்றுதான். அது தொட்ட டம்ளரிலெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. காணி நிலத்தை விற்றபோது பத்திர ஆபீசில் உருட்டி வைத்த ரேகை தஸ்தாவேஜில் மையோடு அப்படியே இருக்கின்றது.

வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். ரகசிய நம்பர் வெளியே போய்விட்டால் வேறு நம்பர் வைத்துக்கொள்ளலாம். ரேகை களவு போனால் எந்தக் கடையில் வேறு விரல் விற்கின்றார்கள்? போகிற இடமெல்லாம் நகலை விட்டுவிட்டு வரும்படியான, சாகிற வரையில் மாற்றவும் முடியாத ஒரு சாவியைப் பூட்டுக்குப் பொருத்திவிட்டு, திருட்டுப் போனால் "நீ ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்" என்று சொல்லுகிறவனைப் புத்திசாலி என்பதா, அயோக்கியன் என்பதா?

ரேகையைக் கள்ளத்தனமாய்ச் செய்ய முடியுமா என்று சில படித்த நண்பர்கள் சந்தேகப்படுகின்றார்கள். 2018-ம் வருஷத்தில் தெலுங்கானாவில் சிம் கார்டு வியாபாரி ஒருவர் பிடிபட்டார். நிலப் பத்திரங்களை சர்க்காரின் வலைத்தளத்திலிருந்தே இறக்கி, அதிலிருந்த ரேகைகளை ரப்பர் ஸ்டாம்பு செய்யும் சாமான்களைக்கொண்டு அச்சாகச் செய்து, மெஷினில் வைத்து, ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை உயிர்ப்பித்தார் என்பது வழக்கு. பெரிய கொள்ளைக்காகக்கூட அல்லவாம். மாதா மாதம் இத்தனை சிம் விற்றாக வேண்டும் என்ற கணக்கைக் காட்டுவதற்காகவாம்! ரப்பர் ஸ்டாம்பு செய்யத் தெரிந்த ஒருவருக்கு முன்னால் அந்த மகா சாஸ்திரம் கைகட்டி நின்றது. அதற்குப் பின்னால் இதே வழியில் சிலிக்கான் விரல் செய்து பாங்கிப் பணத்தையே எடுத்த வழக்குகள் பல இடங்களிலும் வந்தன. 2023 பிப்ரவரியில்தான் ஆதார் ஆணையம், வைத்திருப்பது உயிருள்ள விரல்தானா என்று சோதிப்பதற்குப் புது ஏற்பாடு செய்திருப்பதாக அறிவித்தது. நல்லது. அப்படியானால் அதுவரையில் வைத்ததெல்லாம் உயிருள்ள விரல்தான் என்று என்ன சாக்ஷி? அந்தக் காலத்தில் பணம் போய்விட்டது என்று வந்தவர்களிடம், "உன் ரேகை பதிவாகியிருக்கிறதே" என்று எந்த முகத்தோடு சொன்னார்கள்?

இந்தக் கைநாட்டுக்கு ஒரு பூர்வ சரித்திரமும் உண்டு. 1858-ல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் இருந்த வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாலைக்குக் கப்பி கொடுக்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவருடைய உள்ளங்கை முழுவதையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பதியச் செய்தார். எதற்காக? பின்னால் அது தன் கையெழுத்தல்ல என்று சொல்லும் எண்ணமே வராதபடி பயமுறுத்துவதற்காக என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கின்றார். அந்தச் சமயத்தில் ரேகையை ரேகையோடு ஒத்துப் பார்க்கும் சாஸ்திரம்கூட ஏற்படவில்லை. கல்கத்தாவில் ரேகைகளுக்கென்று ஆபீசு ஏற்பட்டதே 1897-ல்தான். ஆகவே கைநாட்டு முதலில் ருஜுவாகப் பிறக்கவில்லை, பூச்சாண்டியாகப் பிறந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவனைக் கைநாட்டு என்று பரிகாசம் செய்வது நம் நாட்டு வழக்கம். இன்று எம்.ஏ. படித்தவரும் விரலை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், அந்த வகையில் மாத்திரம் நாட்டில் சமத்துவம் வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

இனி ஜெராக்ஸ் பக்தியைப் பார்ப்போம். 2018 ஜனவரியில் சண்டிகாரிலிருந்து வெளியாகும் 'டிரிப்யூன்' பத்திரிகை, ஐந்நூறு ரூபாய் கொடுத்ததில் பத்தே நிமிஷத்தில் ஜனங்களின் ஆதார் விவரங்களைப் பார்க்கும் வழி தனக்குக் கிடைத்ததாக எழுதிற்று. உடனே ஆணையம் என்ன செய்தது? ரேகை ஒன்றும் வெளியே போகவில்லை என்று சமாதானம் சொல்லிவிட்டு, கொடுத்த போலீஸ் பிராதில் செய்தி எழுதிய நிருபரின் பேரையும் சேர்த்துவிட்டது. வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது என்று சொன்னவனைத் திருடன் ஜாபிதாவில் சேர்ப்பது என்பது இதுதான்.

2022-ல் நடந்தது இதைவிட வேடிக்கை. மே 27-ந் தேதி ஆணையத்தின் பெங்களூர் ஆபீசு, ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கெட்ட காரியத்துக்கு உபயோகப்படுத்தி விடுவார்கள் என்று ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. பரவாயில்லை, பத்து வருஷத்துக்கு மேல் ஆகியாவது புத்தி வந்ததே என்று நினைப்பதற்குள், 29-ந் தேதி மத்திய சர்க்கார் அந்த எச்சரிக்கையை வாபஸ் வாங்கிவிட்டது. ஜனங்கள் தப்பாக அர்த்தம் செய்துகொள்வார்களாம்! உண்மை இரண்டு நாள் உயிரோடிருந்தது.

இதில் நம்முடைய பங்கும் கொஞ்சமல்ல. அந்தரங்கம் என்பது ஜனங்களின் அடிப்படை உரிமையே அல்ல என்று 2015-ல் சர்க்கார் தரப்பு வக்கீல் சுப்ரீம் கோர்ட்டில் வாதாடினார். 2017 ஆகஸ்டு 24-ந் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அது உரிமைதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2018 செப்டம்பர் 26-ந் தேதி வந்த ஆதார் தீர்ப்பில், சர்க்கார் மானியத்துக்கும் வருமான வரிக்கும் ஆதாரைக் கேட்கலாம் என்று ஒப்புக்கொண்ட கோர்ட்டு, பாங்கிக் கணக்கோடும் சிம் கார்டோடும் அதைச் சேர்த்தே தீரவேண்டும் என்ற கட்டாயத்தைத் தள்ளிவிட்டது. அதாவது வோட்டர் அட்டையும், டிரைவிங் லைசென்சும் சட்டப்படி செல்லும். ஆனாலும் லாட்ஜில் ரூம் எடுக்கப் போனாலும் கேட்பதற்கு முன்னாலேயே ஆதாரை எடுத்து நீட்டுகின்றோம். சட்டைப் பையில் பத்து நகல் எப்போதும் தயாராய் வைத்திருக்கும் தோழர்களை நாம் அறிவோம்.

"படிக்காதவர்கள் ஏமாறுகிறார்கள், அதற்கு யார் என்ன செய்வது?" என்று சொல்லும் மேதாவிகளுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஒவ்வொருவருக்கும் ஒன்பது இலக்கத்தில் ஒரு எண் உண்டு. கிழ வயதுப் பென்ஷன் கணக்குக்காக ஏற்பட்ட எண். இது ஆளை அடையாளம் காட்டுவதற்கல்ல என்று 1946 முதல் 1972 வரையில் அந்த அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். கேட்டது யார்? பாங்கியும் கம்பெனியும் அதையே ஆளாக வைத்துக்கொண்டன. 2017-ல் ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் விவரக் கம்பெனியிலிருந்து சுமார் 14 கோடியே 70 லட்சம் பேருடைய விவரங்கள் களவு போயின. அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கம்பெனியின் படியை மிதித்தவர்களுமல்ல, அதற்கு எதையும் தன் கையால் கொடுத்தவர்களுமல்ல. படித்த நாடு, பணக்கார நாடு. அங்கே ஏமாந்த ஜனங்கள் செய்த தவறு என்ன என்று மேதாவிகள்தான் சொல்லவேண்டும்.

நம் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். பிறனுடைய அடையாளத்தைத் திருடி உபயோகிக்கிறவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவுப்படி மூன்று வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு. அது திருடனுக்கு. விவரங்களைக் காவல் இல்லாமல் போட்டு வைத்த பெரிய மனிதர்களுக்கு? 2023-ல் அதற்கென்று தனிச் சட்டம் செய்தார்கள். அபராதம் 250 கோடி வரை என்று கேட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று எத்தனை பேர் பார்த்தார்கள்? சர்க்கார் கஜானாவுக்கு. நஷ்டப்பட்டவனுக்கு அதில் ஒரு சல்லி கிடையாது. போதாததற்கு, கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்பதற்குப் பழைய சட்டத்தில் இருந்த 43-ஏ பிரிவை எடுத்துவிடவும் இந்தச் சட்டமே வழி செய்கின்றது. சர்க்கார் தான் குறிப்பிடும் தன் இலாகாக்களுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளவும் இடமிருக்கின்றது. ஆனால் பொய்ப் பிராது, அற்பப் பிராது கொடுத்தான் என்று ஏற்பட்டால் பிராதுக்காரனுக்குப் பத்தாயிரம் வரையில் அபராதம் போட மாத்திரம் மறக்கவில்லை. மாட்டைப் பறிகொடுத்தவன் வந்து அழுதால், பட்டிக்காரனிடம் அபராதம் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, மாட்டுக்காரனைப் பார்த்து, "அதிகம் கத்தினால் உனக்கும் உண்டு" என்று சொல்லும் பஞ்சாயத்தை நீங்கள் பார்த்திருக்கின்றீர்களா?

நிற்க. அடையாளச் சீட்டே வேண்டாம், எல்லாவற்றையும் கிழித்துப் போடுங்கள் என்று நாம் சொல்லுவதாக யாரும் திரித்துக் கூற வேண்டாம். எந்தக் காகிதமும் இல்லாமல் ஆபீசு ஆபீசாக அலைந்த ஏழைக்கு ஒரு சீட்டு கிடைத்தது லாபந்தான். இன்னார் என்று சொல்லுவதற்கு ஒரு எண் இருப்பது வேறு, அந்த எண்ணைச் சொன்னவனெல்லாம் இன்னார்தான் என்று நம்புவது வேறு.

இப்போதைக்குக் கையிலிருக்கும் வழிகளைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆதாரைப் பூட்டி வைக்கலாம். ஆணையத்தின் வலைத்தளத்திலோ, எம்ஆதார் செயலியிலோ பூட்டிவிட்டால், யார் எந்த விரலை வைத்தாலும் மெஷின் ஒப்புக்கொள்ளாது. ரேஷனுக்கோ பென்ஷனுக்கோ விரல் வைக்கிறவர்கள் அந்த நேரத்தில் திறந்துவிட்டுப் பிறகு பூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். அது சிரமந்தான். வாலிபத் தோழர்கள் ஆளுக்குப் பத்து வயோதிகர்களுக்குச் செய்து கொடுத்தால் சிரமம் குறையும். நகல் கொடுத்தே தீரவேண்டிய இடத்தில் கடைசி நாலு இலக்கம் மாத்திரம் தெரியும்படியான ஆதார் நகல் உண்டு. அதன் குறுக்கே இன்ன காரியத்துக்காக, இன்ன தேதியில் என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். உங்கள் பேரில் எத்தனை சிம் கார்டு ஓடுகிறது என்பதை 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். உங்கள் பேரில் யாராவது கடன் வாங்கியிருக்கின்றார்களா என்ற அறிக்கையைக் கடன் விவரக் கம்பெனிகள் வருஷத்துக்கு ஒரு தடவை இனாமாகக் கொடுத்தாக வேண்டும்.

பணம் போய்விட்டதா? சொந்தக்காரர்கள் சிரிப்பார்களே என்று வெட்கப்பட்டு உட்கார வேண்டாம், ஜோசியரிடமும் ஓடவேண்டாம். முதலில் 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்த முடிந்தால் அங்கேதான் முடியும். அதே நாளில் பாங்கிக்குப் போய் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். பாங்கி மீதும் உங்கள் மீதும் தப்பில்லாமல் மூன்றாவது ஆளால் வந்த நஷ்டத்தை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கைக்காரருக்குப் பொறுப்பே கிடையாது என்றும், பத்து வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்றும், வாடிக்கைக்காரர்தான் பொறுப்பு என்றால் அதை ருஜுப்படுத்த வேண்டியது பாங்கியே என்றும் ரிசர்வ் பாங்கி 2017 ஜூலை 6-ந் தேதி உத்தரவு போட்டது. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால்கூட, தெரிவித்த நேரத்துக்குப் பின்னால் போகும் பணத்துக்குப் பாங்கிதான் பொறுப்பு என்றும் அதிலேயே சொல்லியிருக்கின்றது. மானேஜர் மெஷினைக் காட்டி, "உங்கள் விரல்தானே வைத்திருக்கிறது" என்பார். "என் விரலல்ல, என் விரல்தான் என்றால் நீங்கள் ருஜுப்படுத்துங்கள்" என்று மனுவிலேயே எழுதுங்கள். நகலில் தேதியும், நேரமும், பாங்கி முத்திரையும் போட்டு வாங்கிக்கொள்ளாமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.